அலமாரிக்குள் போன குரல்

காலையில் அவர் விழித்துக்கொண்டார். கம்ப்யூட்டர் விழிக்கவில்லை.

பொத்தானை அழுத்தியதும் உள்ளே இருந்த விசிறி வழக்கம்போல உறுமியது. திரையில் ஒரு சின்னம் வந்து போனது. அடுத்து எழுத்துப் பலகை வர வேண்டும். அதில் ஒரு மஞ்சள் கட்டம் வரிசை வரிசையாக ஓடும். வேண்டிய எழுத்தின் மேல் அது வரும்போது அவர் கன்னத்தை ஒட்டியிருக்கும் ஸ்விட்சை அமுக்குவார். எழுத்து சேர்ந்து சொல்லாகும், சொல்லைக் கம்ப்யூட்டர் வாய்விட்டுச் சொல்லும். அன்றைக்குப் பலகை வரவில்லை. எதற்கோ காத்துக் கிடப்பது போலச் சிவப்பு நட்சத்திரங்கள் இப்படியும் அப்படியும் நடை போட்டன. பிறகு கறுப்புத் திரையில் வெள்ளையாகச் சில வரி இங்கிலீஷ். அவசர நிலை என்றது. பராமரிப்பு செய்ய வேண்டுமானால் நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கொடு என்றது. அதோடு கப்சிப்.

அவர் மனைவி அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே நட்சத்திரங்கள், அதே வரிகள்.

கட்டிலில் அவர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவரிடம் மிச்சமிருந்தவை கண்ணும், ஒரு பக்கக் கன்னத்தில் கொஞ்சம் அசைவும்தான். கை, கால், நாக்கு என்று ஒவ்வொன்றாகத் தசை செத்துக்கொண்டு வரும் நோய். மூளையை அது தொடாது. காதையும் தொடாது. அவர் ஒன்றும் மறக்கவில்லை, எதையும் மன்னிக்கவும் இல்லை.

உடம்பு துடைத்துவிட வரும் நர்ஸம்மா கதவைத் திறந்ததுமே நின்றுவிட்டாள்.

"என்ன இன்னிக்கு கச்சேரியே காணோம்? நான் செருப்பைக் கழட்டுறதுக்குள்ள 'ராணுவம் வந்தாச்சு'ன்னு அலறுமே அது?"

"கெட்டுப் போச்சு. என்னமோ பாஸ்வேர்ட் கேக்குது."

"சாரைக் கேட்டா சொல்லிட்டுப் போறாரு."

"சார் சொல்றதுக்குத்தானே அந்தக் கம்ப்யூட்டர் வேணும்."

நர்ஸம்மா சிரிக்கப் போனவள் சிரிக்கவில்லை. அவரைப் பக்கவாட்டில் திருப்பி முதுகைத் தட்டினாள். தொண்டையில் குழாய் விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்தாள். கையுறையைக் கழற்றிக்கொண்டே அவளை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏம்மா, திடீர்னு அடைச்சுக்கிட்டா எப்படிக் கூப்பிடுவாரு?"

"நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்."

"குளிக்கப் போக மாட்டியா? கண் அசர மாட்டியா? இருமக்கூடத் தெம்பு இல்லாத உடம்பு அது. சத்தம் போடாமலே போயிடும். பொழுது சாயறதுக்குள்ள யாரையாவது கூட்டிட்டு வந்து சரி பண்ணு. இல்ல, ஆஸ்பத்திரில படுக்கை பாரு."

அவள் தலையாட்டினாள். முந்தின நாள் மத்தியானம் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்கியது அவள்தான். அது இப்போது அதே அறையின் அலமாரியில், துவைத்து மடித்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே இருந்தது. உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒரு வெளி டிஸ்க். அதில் இருந்தது அவருடைய குரல்.

நோய் நாக்குக்கு வரப்போகிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மைக்கின் முன்னால் உட்கார ஆரம்பித்தார். பேச்சு குழறும் வரை அப்படி உட்கார்ந்தார். தன் குரலைத் துண்டு துண்டாகப் பதிந்து வைத்தால், பின்னால் கம்ப்யூட்டர் அந்தத் துண்டுகளை ஒட்டி அதே குரலில் பேசுமாம். முழு வாக்கியங்களாகவும் பதிந்துகொள்ளலாமாம், ஒரே அமுக்கில் ஒலிக்கும்படி. மருத்துவமனையில் விற்கும் பேசும் கருவியை வாங்கலாம் என்றதற்கு, "அடுத்தவன் பூட்டி விக்கிற சாமானை நான் தொடறதில்ல" என்றார். லினக்ஸ் என்கிற, யாரும் திறந்து பார்க்கக்கூடிய மென்பொருளைத் தவிர வேறெதையும் வீட்டு வாசற்படி ஏற்ற மாட்டார். எல்லாவற்றையும் அவரே எழுதினார், அவரே இணைத்தார், அவரே பூட்டினார். பாஸ்வேர்டை ஒருவருக்கும் சொல்லவில்லை.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு என்னதான் பேசுகிறார் என்று அவள் ஒட்டுக் கேட்டதில்லை. நேரமில்லை. அப்போது அவள் தண்ணீர் வாரியத்தில் புகார் வாங்கும் கவுண்டரில் இருந்தாள். குழாயில் தண்ணீர் வராதவர்கள் எல்லாரும் வந்து, தண்ணீரை அவள்தான் குடித்துத் தீர்த்த மாதிரி கத்துவார்கள். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு பேர், தெரு, என்ன குறை என்று கேட்டு எழுதிக்கொள்வாள். அந்த வித்தை அவளுக்கு அந்த வேலையில் வந்ததல்ல. வீட்டில் கற்றதைத்தான் ஆபீசில் செய்துகொண்டிருந்தாள்.

அவருக்கு ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. பட்டம்தான். நர்ஸம்மா ராணுவம். ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவில் அவருக்குக் கீழே இருந்தவர்களில் ஒருவன் அரைவேக்காடு, இன்னொருவன் தூங்குமூஞ்சி. கல்யாணமான புதிதில் கேஸ் அடுப்பை அணைக்க மறந்த ஒரு நாளில் மனைவிக்கு மண்டு என்று வைத்தார். அதன் பிறகு அவள் எத்தனையோ ஆயிரம் தடவை ஒழுங்காக அடுப்பை அணைத்துவிட்டாள். பேர் மாறவில்லை.

படுத்த பிறகும் மாறவில்லை. படுக்கையில் மூத்திரப் பையை மாற்றிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலிருந்து, நடமாடிய காலத்து அதே கனத்த குரலில், "மண்டு, மெதுவா" என்று கேட்கும். சரி, எழுத்தெழுத்தாகக் கோத்துச் சொல்ல எவ்வளவு பாடுபடுகிறார், போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

முந்தின நாள் மத்தியானம் அவளுடைய தங்கை பார்க்க வந்திருந்தாள். சமையலறையில் நின்றபடியே ஆபீஸ் கதை ஒன்றைச் சொன்னாள். மேலதிகாரி விக் வைத்த கதை. விக் மின்விசிறிக் காற்றில் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டதும், எதிரே நின்றவன் கண்ணை மூடிக்கொண்டு வணக்கம் சொன்னானாம். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அறையிலிருந்து குரல் வந்தது.

"என்ன அங்க இளிப்பு?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவுக்குக் கோபம் வருவதற்கு முன்னால் ஒரு கணக்கு வந்தது. சிரிப்பு முடிவதற்குள் கேள்வி வந்துவிட்டது. எழுத்துக் கோத்து அவ்வளவு சீக்கிரம் சொல்ல முடியாது. அப்படியானால் இது முழுதாகப் பதிந்து வைத்த வாக்கியம். இன்னும் கொஞ்ச நாளில் பேச்சே போய்விடும் என்று தெரிந்த மனிதர், மிச்சமிருந்த மூச்சைக் கூட்டி, மைக்கின் முன்னால் உட்கார்ந்து, பின்னால் தேவைப்படும் என்று இதைச் சொல்லிப் பதிந்திருக்கிறார். அவள் என்றைக்காவது சிரிப்பாள், அப்போது கையில் இருக்க வேண்டும் என்று.

தங்கையை அனுப்பிவிட்டு அறைக்குள் போனாள். டிஸ்க்கின் வயரைப் பிடுங்கினாள். அவர் பார்த்துக்கொண்டே இருக்க, அலமாரியைத் திறந்து விரிப்புகளுக்கு நடுவே திணித்துச் சாத்தினாள். அந்தக் குரலை ஏற்றுவதற்கு முன்னால், அவர் சோதித்துப் பார்த்த நாட்களில், கம்ப்யூட்டர் அதன் சொந்தக் குரலில், மூக்கடைத்த ரோபோ மாதிரி பேசிக்கொண்டிருந்தது. இனி அதிலேயே பேசட்டும் என்று நினைத்தாள். அவரை ஊமையாக்க அவள் நினைக்கவில்லை. அணைத்துப் போட்டால் தானாகப் பழையபடி ஆகிவிடும் என்று, ராத்திரிப் படுக்கையைச் சரிசெய்தபோது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, அவர் கட்டிலோரமே படுத்துக்கொண்டாள்.

காலையில் இந்தக் கறுப்புத் திரை. ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கியதால் உள்ளே எதையோ உடைத்துவிட்டோம் என்று அவளாக முடிவு செய்துகொண்டாள். மறுபடி சொருகிப் பார்க்கலாம் என்று கை போனது. அலமாரி வரை போன கை திரும்பிவிட்டது.

அவருடைய ஆபீசுக்குப் போன் செய்தாள். அவர் இருந்த நாற்காலியில் இப்போது அரைவேக்காடுதான் இருந்தான். சாப்பாட்டு நேரத்தில் வருகிறேன் என்றவன் சொன்னபடி வந்தான். தாடி நரைத்திருந்தது. அறை வாசலில், கையைக் கட்டலாமா தொங்கவிடலாமா என்று தெரியாதவன் போல நின்றான்.

"சார், வணக்கம் சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க பாருங்க தம்பி, அவர் அப்படித்தான்," என்றாள்.

"தெரியாதா அக்கா. எனக்குப் பேர் வெச்சவராச்சே."

அவன் தொடக்கப் பட்டியலைப் பிடித்து நிறுத்தி, பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தான். நட்சத்திரங்கள் நடை போட்டன. மீட்பு முறையில் போட்டான். அதுவும் பாஸ்வேர்டில் வந்து நின்றது.

"பாஸ்வேர்ட் இருந்தா உள்ள போய் என்னன்னு பாத்துடலாம் அக்கா."

அவள் எழுத்து அட்டையை எடுத்தாள். கரண்ட் இல்லாத நேரத்துக்கென்று வைத்திருந்த பிளாஸ்டிக் அட்டை. வரிசையைத் தொட்டுக்கொண்டே வர வேண்டும், கண்ணை மேலே தூக்கினால் ஆமாம்.

"ஏங்க, பாஸ்வேர்ட் சொல்லுங்க. முதல் வரிசையா? ரெண்டாவதா?"

அவர் கண் அட்டைக்கு வரவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் எங்கேயோ குத்திட்டு நின்றது. அவள் விரல் கடைசி வரிசை வரை போய்த் திரும்பியது. கண் நகரவில்லை.

"சார் என்னமோ காட்டுறாரு போல இருக்கே. அந்த அலமாரியையா?"

"விரிப்பு மாத்தணும்னு நினைக்கிறாரு," என்றாள் அவள். "ஈரமாயிருக்கும்."

சொன்ன வாயோடு விரிப்பையும் மாற்றினாள். காய்ந்திருந்த விரிப்பைத்தான். அலமாரியிலிருந்து மேலாக ஒன்றை உருவிக்கொண்டு, அவரை இந்தப் பக்கம் உருட்டி, அந்தப் பக்கம் உருட்டி, சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். உருட்டும்போது அவர் முகம் அவள் முகத்துக்கு வெகு அருகில் வந்தது. இப்படி ஒரு பச்சைப் பொய்யை அவர் எதிரில் அவள் சொன்னதில்லை. அதை அவரால் மறுக்க முடியாமல் போனது அவளுக்கே கசந்தது. ஆனாலும் பொய்யைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

"பாஸ்வேர்ட் தர மாட்டாரு தம்பி. அதுவும் உங்களுக்கு."

"வேண்டாம் அக்கா, சுத்திப் போயிடலாம்."

பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் சொருகினான். அதில் வேறொரு லினக்ஸ் இருந்தது. அதைக் கொண்டு எழுப்பியதும் திரையில் வெளிச்சம் வந்தது. அங்கிருந்தபடியே அவருடைய கம்ப்யூட்டரின் உள் டிஸ்க்கைத் திறந்தான். கடைசியாக எழும்பப் பார்த்தபோது அது என்னவெல்லாம் முனகியது என்று படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான்.

"ஒண்ணும் உடையல. இது ஒரு டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கு. வரல. அதான் மேல போக மாட்டேன்னு உக்காந்துடுச்சு." திரும்பினான். "அக்கா, இதுல வெளில ஒரு டிஸ்க் மாட்டியிருந்துச்சா?"

அவள் கழற்றிய விரிப்பை மடித்துக் கட்டிலோரம் வைத்தாள்.

"இருந்துச்சு," என்றாள்.

அவன் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. வேறொரு ஃபைலைத் திறந்தான். எழும்பும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லி வைக்கிற ஃபைல். கடைசி வரியில் விரலை வைத்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்தான். அடங்கவில்லை.

"என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. வெளி டிஸ்க்கை இதுல எழுதினா, வரிக் கடைசில நோஃபெயில்னு ஒரு வார்த்தை சேக்கணும். அது வந்தா வருது, வராட்டி நீ பாட்டுக்கு எழுந்து வேலையைப் பாருன்னு அர்த்தம். சார் இதுல அதைப் போடல." கட்டில் பக்கம் பார்த்தான். "நான் ஒரு தரம் போடாம விட்டு, கரண்ட் போய் வந்தப்ப ஆபீஸ் சர்வர் எழும்பல. மொத்த ஆபீசையும் நிக்க வெச்சு, 'இந்த அரைவேக்காட்டுக்கு ஒரு வார்த்தை கூடுதலாத் தட்டக் கை வலிக்குதாம்'னாரு. அன்னிக்குக் கிடைச்ச பேருதான்."

சிரிப்பு நின்றது. நினைத்த அளவுக்கு அதில் ருசி இல்லை என்று அவன் முகத்தில் தெரிந்தது. கட்டிலில் இருந்தவரின் கண் ஓரம் நனைந்திருந்தது. அந்த நோயில் கண் சும்மாவே கசியும். அவள் பஞ்சால் ஒற்றிவிட்டாள்.

"இப்ப என்ன பண்ணணும்?"

"ரெண்டு வழி இருக்கு. டிஸ்க்கைக் கொண்டாந்து சொருகினா எல்லாம் பழையபடி ஆயிடும். இல்லன்னா நான் இந்த ஒரு வார்த்தையைச் சேத்துடறேன். டிஸ்க் இல்லாமலே எழும்பும். ஆனா அதுல இருக்கற சாரோட குரல் வராது. மெஷினோட குரல்தான்." கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான். "எதுன்னு நீங்க சொல்லுங்க."

இந்த வீட்டில் எதையும் அவளைக் கேட்டு யாரும் செய்ததில்லை. சுவர் நிறம்கூட அவர் சொன்னதுதான். அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கோபமில்லை. நாக்கு இருந்த காலத்தில் அந்த முகத்தில் அவள் பார்த்தேயிராத ஒன்று இருந்தது. அது கெஞ்சல். அதைப் பார்த்ததும் இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்ததும் உண்மைதான். ஆனால் கூடவே 'என்ன அங்க இளிப்பு?' என்ற குரலும் காதில் விழுந்தது.

"வார்த்தையைச் சேத்துடுங்க தம்பி," என்றாள்.

அவன் தட்டினான். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி எழுப்பினான். நட்சத்திரங்கள் கொஞ்சம் நடந்தன, சலித்துக்கொண்டது போல விலகின. எழுத்துப் பலகை வந்தது. மஞ்சள் கட்டம் ஓட ஆரம்பித்தது. அவள் ஸ்விட்சை அவர் கன்னத்தருகே வைத்து, அமுங்குகிறதா என்று பார்த்தாள்.

வெகு நேரம் கழித்து மூக்கடைத்த குரல் சொன்னது:

"அல மாரி."

அரைவேக்காடு பையின் ஜிப்பை இழுத்து மூடினான். சாரிடம் சொல்லிக்கொண்டான். அவள் வாசல் வரை போனாள். செருப்பை மாட்டிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"டிஸ்க் பத்திரமா இருக்கில்ல அக்கா?"

"இருக்கு."

"கீழ விழுந்துடாம பாத்துக்கோங்க. அதுக்கு வேற நகல் இருக்காது. சார் நகல் எடுத்து வெச்சிருப்பாருன்னு முந்தி நெனச்சிருப்பேன். இப்ப அந்த நம்பிக்கை இல்ல."

அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புகார் வாங்க உட்காருவது போல.

"கொடு," என்றது கம்ப்யூட்டர்.

"மாட்டேன்."

கட்டம் ஓடியது. நின்றது. ஓடியது.

"மண் டு."

அந்தக் குரலில் அது யாரையும் குறிக்காத சொல்லாக இருந்தது. அவள் முகம் மாறவில்லை, மாற்றிக்கொள்ளவும் வேண்டியிருக்கவில்லை.

"சொல்லுங்க. எவ்வளவு வேணும்னாலும் சொல்லுங்க. உங்க வாயை நான் அடைக்கல. அடைச்சதா நெனச்சுக் காலையிலேந்து எனக்கு உயிரே இல்ல. இனிமே தண்ணி வேணும்னாலும், திருப்பிப் படுக்க வைக்கணும்னாலும், திட்டணும்னாலும் இதுலதான்."

அவர் அடுத்ததைக் கோத்து முடிக்க நேரமாயிற்று. அதற்குள் அவள் உணவு செலுத்தும் குழாயைக் கழுவி வைத்தாள்.

"அது என் குரல்."

"தெரியும். அதனாலதான் எடுத்தேன்." அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு கேக்கறேன். அவ்வளவு நாள் கதவைச் சாத்திக்கிட்டுப் பதிஞ்சீங்களே. அதுல எங்கயாவது என் பேர் இருக்கா? மண்டு இல்ல, என் பேரு. ஒரு தரம் சொல்லியிருந்தாலும் போதும், இப்பவே எடுத்து மாட்டிடறேன்."

மஞ்சள் கட்டம் முதல் வரிசையில் ஓடியது. இரண்டாவதில் ஓடியது. கடைசி வரிசை வரை போய், மேலே ஏறி, மறுபடி முதலிலிருந்து ஓடியது. ஸ்விட்ச் கன்னத்தருகே சரியாகத்தான் இருந்தது. அவர் பொய் சொல்லியிருக்கலாம். அவள் அன்று சொன்ன பொய்யை விட அது சின்னதுதான், 'ஆ' என்று தொடங்கும் ஒரே சொல். அவர் எதையும் அமுக்கவில்லை. பொய் சொல்லும் பழக்கம் மட்டும் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

கட்டம் எத்தனை சுற்று போனது என்று அவள் பார்க்கவில்லை. எழுந்து, அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரமாகிவிட்டதால், ஒரு கையை அவர் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்தாள். சுவர் பக்கமாகத் திருப்பி, திரையையும் அவர் கண்ணுக்கு நேராகத் தள்ளி வைத்தாள். காதுமடல் மடங்காமல் தலையணையைச் சரிசெய்தாள். விலகியிருந்த ஸ்விட்சை அசையும் கன்னத்தருகே மறுபடி பொருத்தி, இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

"சளி கட்டினா கூப்பிடுங்க. நான் குளிச்சிட்டு வந்துடறேன்," என்றாள்.

குளியலறைக் கதவை மட்டும் தாழிடாமல் விட்டாள்.